மதியத் திட்டு

“புது இடத்துல அக்கம்பக்கத்தை…” கிளம்பும்போது மாமனார் ஏதோ சொன்னார். அனுசரித்துப் போகச் சொன்னாரா, அண்டவிடாதே என்றாரா? தூக்கக் கலக்கத்தில் பேக்கரிக்காரருக்கு ஞாபகம் வரவில்லை.

மேலே மறுபடியும் அந்தச் சத்தம். டங்… டங்… டங்…

ராத்திரி முழுக்க மாவு பிசைந்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். மனைவி ஆஸ்பத்திரித் துப்புரவு வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போனபின், அந்த அடித்தள அறையில் அவரும் கேஸ் ஹீட்டரும்தான். தெரு இரைச்சல் கேட்காமலிருக்கக் காற்றுத் துவாரத்தில் பழைய போர்வையைத் திணித்தாயிற்று. மேல்வீட்டு இரைச்சலை எதை வைத்து அடைப்பது?

“அறிவிருக்கா? மனுஷங்கதானே நீங்க?” கூரையைப் பார்த்துக் கத்தினார்.

சத்தம் நின்றது. தினமும் இதே கூத்து. திட்டினால் நிற்கும். மறுநாள் மதியம் மீண்டும்.

நேற்று வேலையில் கண்ணசந்து ஒரு தட்டு ரொட்டி கருகிவிட்டது. “இன்னொரு தடவை தூங்கினா வேற இடம் பாத்துக்கோ” என்றுவிட்டார் முதலாளி.

இன்று விடுவதாயில்லை. படியேறிக் கதவைத் தட்டினார்.

தையல்காரப் பெண் திறந்தாள். கழுத்தில் அளவு நாடா. பின்னால் தைக்க வேண்டிய துணி மலையாய்க் குவிந்திருந்தது. அவளும் குடும்பத்தோடு பிழைக்க வந்தவள்தான்.

“ஏம்மா, நாற்காலியைத் தூக்கித் தரையில இடிக்கிறதுதான் உங்க வேலையா?”

“கோவிச்சுக்காதீங்கண்ணே.”

“ஓனர்கிட்ட சொல்லிக் காலி பண்ண வைக்கிறேனா இல்லையா, பாருங்க!”

அவள் முகம் வெளிறியது. “ஐயோ, அவருகிட்ட வேணாம். அவருக்குப் பயந்துதான் உங்ககிட்ட வாயே திறக்கல.”

“என்னத்தைத் திறக்கல?”

கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“உங்க ரூம்ல முன்னாடி இருந்தவருக்கும் ராத்திரி வேலைதான். அவரும் துவாரத்தை அடைச்சுட்டு, ஹீட்டரைப் போட்டுட்டுத்தான் படுப்பாரு. ஒரு சத்தம் இருக்காது. தங்கமான மனுஷன்னு நெனைச்சுட்டிருந்தோம். ஒருநாள் கதவை உடைச்சுத்தான் தூக்கினாங்க. ஹீட்டர் வாயு வெளிய போக வழியில்லாம, தூக்கத்துலயே மூச்சடைச்சுப் போயிட்டாராம். விஷயம் வெளிய போனா எங்களையும் துரத்திடுவேன்னாரு ஓனர்.”

பேக்கரிக்காரர் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டார்.

“அதுக்கு… நாற்காலியை ஏன்…”

“தெருவுல வரும்போதே துவாரத்துல உங்க போர்வை தெரியும். அவரு ஞாபகம்தான் வரும். நீங்க திட்டுறது காதுல விழுந்தாத்தாண்ணே எனக்கு மதியச் சோறு இறங்கும்.”

கீழே ஓடி வந்தார். போர்வையை உருவி எறிந்தார்.

நாளையிலிருந்து இன்னும் உரக்கத் திட்டுவதென்று முடிவு செய்தார்.