கஞ்ச மாமா சொன்னால் சரி

"அண்ணே, இந்த கேபினெட் வேண்டாமாம். வெளிச்சம் வேணும்னா வீட்டுல டியூப்லைட் போட்டுக்கச் சொல்றார்."

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. கண்ணாடிக் கதவும் ஏழு வண்ண விளக்குமாக மின்னிய அந்தக் கம்ப்யூட்டர் கேபினெட்டை அப்போதுதான் மூச்சு வாங்க மேஜைமேல் தூக்கி வைத்திருந்தார்.

"யாரும்மா சொல்றது?"

"கஞ்ச மாமா!" என்று போனை ஆட்டிக் காட்டினாள் அந்த நர்ஸ். டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு நேராகக் கடைக்கு வந்திருந்தாள்.

மறுபடியும் கஞ்ச மாமாவா! மூன்று மாதமாக இதே பெயர்தான். இணையத்தில் முகம் காட்டாத ஒரு ஆசாமி. கையில் எவ்வளவு இருக்கிறது என்று சொன்னால் போதும், எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது என்று உடனுக்குடன் பதில் எழுதுவார். லாபத்தில் கை வைக்கிற மனுஷன்தான். ஆனால், பக்கத்துத் தெருவில் பெரிய ஷோரூம் வந்ததிலிருந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்த இந்தக் கடைக்குத் தினமும் நாலு பேரை அனுப்பி வைப்பதும் அவர்தான். கடையை இழுத்து மூடிவிடலாமா என்றிருந்த கடைக்காரர் இப்போதுதான் நிம்மதியாக மூச்சு விடுகிறார்.

"எவ்வளவும்மா வச்சிருக்கே?"

"நாற்பத்தஞ்சாயிரம். ஒரு வருஷம் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்ததுண்ணே. கார் ரேஸ் கேம் திணறாம ஓடணும். நாள் பூரா வார்டுல ஓடிட்டு வந்தா எனக்கு அது ஒண்ணுதான் ஆறுதல்."

"அப்ப இந்த ப்ராசஸரை எடுத்துக்க. இருக்கறதுலயே டாப் இதுதான்."

நர்ஸின் விரல்கள் பறந்தன. பதிலும் பறந்து வந்தது.

"'விளையாட இவ்வளவு பெருசு எதுக்கு? ஒரு படி இறங்கு. மிச்சத்தை கிராபிக்ஸ் கார்டுல போடு, ரேஸை ஓட்டப்போறது அதுதான்'ங்கிறார்."

கடைக்காரர் ப்ராசஸரைத் திரும்ப அலமாரியில் வைத்தார். அதுதான் சரி என்று அவருக்கும் உள்ளூரத் தெரியும்.

"ராம் மெமரி?"

"பதினாறு ஜிபி ஒண்ணா வேண்டாமாம். எட்டு எட்டா ரெண்டு. ஜோடியா போட்டாத்தான் வேகமாம்."

"மனுஷன் விஷயம் தெரிஞ்சவர்தான்!" என்று சொல்லிக்கொண்டே பில் மேஜைப் பக்கம் திரும்பினார். அங்கே அவர் மனைவி, மூக்கு நுனியில் கண்ணாடியும் கையில் போனுமாக உட்கார்ந்திருந்தாள். எட்டு வருடமாக பில் போடுவதும், ரிப்பேருக்குத் திரும்பி வருகிற சாமான்களை நோட்டில் எழுதி வைப்பதும் அவள் வேலை. மத்தியானச் சாப்பாட்டு டப்பா அவள் முழங்கை அருகே மூடியபடி இருந்தது.

"எப்பப் பாரு போன்ல தங்கச்சிகூட அரட்டை! அந்த மாமாகிட்ட நீயும் நாலு விஷயம் கத்துக்கலாம்ல?"

"கத்துக்கிட்டா போச்சு" என்றாள் அவள், நிமிராமலே.

கிராபிக்ஸ் கார்டின் விலையைக் கேட்டதும் நர்ஸின் முகம் சுண்டிப்போயிற்று. எட்டாயிரம் துண்டு விழுந்தது. கலங்கிய கண்ணோடு போனில் கேட்டாள்.

"'பெட்டி நசுங்கின போன வருஷ மாடல் ஏதாவது கிடக்கும், கேட்டுப் பாரு. நசுங்கினது பெட்டிதான், கார்டு புதுசு'ன்னு போட்டிருக்கார்ணே."

"அடேயப்பா! என் கடை அலமாரி அவருக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாக் கடையிலயும் அப்படி ஒண்ணு கிடக்கும்ல?"

"அதுவும் சரிதான். இதோ பாரும்மா, போன வருஷ மாடல்னு நானே பில்லுல எழுதிக் கொடுத்துடறேன். அடியே, உள்ரூம்ல மேல் தட்டுல இருக்கு, எடுத்துட்டு வா!"

மனைவி எழுந்து போனாள்.

"பவர் சப்ளை மட்டும் மலிவா ஒண்ணு போட்டுக்கலாம்" என்றார் கடைக்காரர். நர்ஸ் அதையும் கேட்டாள். பதில் இல்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்.

"மாமா எங்க போனாருன்னு தெரியலையே!"

"மணி ரெண்டு ஆச்சேம்மா, சாப்பிடப் போயிருப்பார்."

தூசி தட்டிய பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் நர்ஸ் துள்ளினாள்.

"வந்துடுச்சு! 'பவர் சப்ளைல மட்டும் கஞ்சத்தனம் கூடாது. அது போனா மத்ததையும் கூட்டிட்டுப் போயிடும். மலிவு மாடல் ஆறே மாசத்துல திரும்பி வரும். நல்லதா போடு. கேபினெட்டுக்கு வெறும் தகர டப்பா போதும்.'"

கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டினார். எல்லாம் சேர்த்து நாற்பத்து நாலாயிரத்துத் தொள்ளாயிரம்! நர்ஸ் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினாள். கடைக்காரருக்கு உடம்பு சிலிர்த்தது.

"இத்தனை வருஷமா விக்கிறேன், எனக்கே இவ்வளவு கச்சிதமா அமைஞ்சதில்லம்மா. அந்த மனுஷனை நேர்ல பார்த்தா, சத்தியமா கால்ல விழுந்துடுவேன்! ஒண்ணே ஒண்ணு கேளு. அவ்வளவு பெரிய ஷோரூம் இருக்க, எல்லாரையும் ஏன் என்கிட்ட அனுப்பறாராம்?"

நர்ஸ் கேட்டாள். வந்த பதிலை உரக்கப் படித்தாள்.

"'அந்தக் கடைக்காரருக்கு ஆசை கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனா பழசைப் புதுசுன்னு சொல்லி இதுவரைக்கும் யார் தலையிலயும் கட்டினதில்லை. அப்புறம், சாப்பாடு ஆறிக்கிட்டிருக்கு. கையைக் கழுவிட்டு வரச் சொல்லு.'"

கடைக்காரர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். பில் மேஜையில் சாப்பாட்டு டப்பா திறந்திருந்தது. மனைவி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவசர அவசரமாகத் தன் இரண்டு கால்களையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.