தனியாகச் செய்வாளா?

"ரோட்டைத் தனியாத் தாண்டுவாளாங்கம்மா?"

"தனியா எப்படிங்க? எப்பவும் ரெண்டு பேரும் கையைப் புடிச்சுட்டுத்தான் தாண்டுவோம்."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, 'இல்லை' என்ற கட்டத்தில் பென்சிலால் டிக் அடித்தாள் ஹர்ஷிணி. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான பயிற்சி மையம் ஒன்றில் அவள் உளவியலாளர். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து மகள் தேஜஸ்ரீக்காக விண்ணப்பம் போட்டிருந்தார் வரலட்சுமி. மகளுக்கு இருபத்திரண்டு வயது. அன்றாடக் காரியங்களைத் தானாகச் செய்வதற்கு நாற்பது மதிப்பெண் வந்தால், திங்கட்கிழமை தொடங்கும் பேக்கரிப் பயிற்சியில் சேரலாம். மிச்சம் இருந்ததே ஓர் இடம்தான்.

"பஸ்ல தனியாப் போவாளா?"

"நான் இல்லாம ஏறவே மாட்டாளுங்க."

இன்னொரு 'இல்லை'.

"சமையல்?"

"சோறாக்குவா, ரசம் வெப்பா. நான் பக்கத்துல உக்காந்து உப்பு, புளி சொல்லிட்டே இருப்பேனுங்க."

அதுவும் தனியாக இல்லையே. டிக்.

"மாத்திரை இருந்தா நேரத்துக்கு எடுத்துக்குவாளா?"

"அவளுக்கு மாத்திரையே கெடையாதுங்க. எனக்குத்தான் சுகருக்கு மூணு வேளையும். அதை அவதான்..."

"உங்களைப் பத்தி வேண்டாங்கம்மா. அவளைப் பத்திச் சொல்லுங்க."

ஹர்ஷிணிக்கு எரிச்சலாக வந்தது. பிள்ளையைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்ளும் அம்மாக்கள் வாரத்துக்கு நாலு பேராவது வந்துவிடுகிறார்கள்.

"இப்படிக் கூடவே ஒட்டிட்டு இருந்தா அவ எப்பத்தாங்க கத்துக்குவா?"

"என்னால அவளை விட்டுட்டு இருக்க முடியலீங்களே." வரலட்சுமியின் குரல் இறங்கியது.

ஹர்ஷிணி மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தாள். பதினெட்டு.

"இந்த வருசம் கஷ்டங்கம்மா."



"கேக் செய்யப் போறேன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியறாளுங்க. நான் எதையாச்சும் தப்பாச் சொல்லிப்போட்டேனுங்களா?"

ஹர்ஷிணிக்கு மனசு கேட்கவில்லை.

"சரி, நாளைக்குப் பத்து மணிக்கு நேர்ல கூட்டிட்டு வாங்க. பாத்துட்டு முடிவு பண்ணலாம். வழியை எழுதிக்கிறீங்களா?"

"இருங்க, அவகிட்டயே தர்றேன்."

வேண்டாம் என்பதற்குள் போன் கைமாறிவிட்டது.

"சொல்லுங்க்கா." நிறுத்தி நிறுத்திப் பேசும் குரல்.

"சாய்பாபா காலனில எறங்கி, ரோட்டைத் தாண்டி, மருந்துக்கடைச் சந்துல மூணாவது கேட்டு. அம்மாகிட்டச் சொல்லிரு அம்மணி."

ஒரு வார்த்தை தப்பாமல் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள் தேஜஸ்ரீ. பிறகு கேட்டாள்.

"அங்க படி இருக்குதுங்களாக்கா? எத்தனை?"

"நாலு. எதுக்குக் கேக்கற?"

"ஒவ்வொண்ணாச் சொல்லித்தாங்க்கா ஏத்தோணும். அம்மாவுக்கு ரெண்டு கண்ணுமே தெரியாது. நாந்தான் கூட்டிட்டு வருவேன்."

ஹர்ஷிணி படிவத்தின் முதல் பக்கத்துக்குத் திரும்பி, ரப்பரைத் தேடினாள்.