பொருள் கேட்டுத் தின்னும் பூச்சி

பழைய ஆங்கில அகராதி ஒன்றில் இராமபாணப் பூச்சி ஒன்று குடியிருந்தது. யாரும் தேடி வராத சொற்களை மட்டுமே அது தின்னும். மற்ற சொற்களின் பக்கம் போனால் யார் விரலாவது பட்டு நசுங்கிப்போக வேண்டியதுதான். தின்பதற்கு முன் பொருள் கேட்பது அதன் வழக்கம்.

அன்று அது 'எல்ஃப்லாக்' என்ற சொல்லின் முன் வந்து நின்றது.

"உனக்கு என்னய்யா பொருள்?"

"தலைமயிரில் விழும் சிக்கு," என்றது எல்ஃப்லாக். "தூங்குகிறவர்கள் தலையில் குட்டிப் பிசாசுகள் வந்து முடிச்சுப் போடுவதாக அந்தக் காலத்தில் நம்பினார்கள். அந்த முடிச்சுக்குத்தான் என் பெயர். என்னை விட்டுவிடுங்கள். அந்தப் பிசாசுகளுக்கு என்னைத் தவிர வேறு வீடு கிடையாது."

பூச்சி விழுந்து விழுந்து சிரித்தது.

"எண்ணெய் வைக்காமல் படுத்தால் சிக்கு விழாதா? இதற்குப் பிசாசு வேறா! நல்ல முட்டாள்களிடம் போய்ப் பிறந்திருக்கிறாய்."

சிரித்து முடித்து, முதல் எழுத்தில் வாய் வைக்கப் போனது. வடக்குச் சுவரில் பல்லி கத்தியது.

பூச்சி சட்டென்று பின்வாங்கியது.

"வடக்கே சொல்லிவிட்டதே! இன்றைக்கு இதில் வாய் வைத்தால் குடும்பத்துக்கே ஆகாது," என்று முணுமுணுத்தபடி அட்டை இடுக்கைப் பார்த்து ஓடியது.

எதிர்ப் பக்கத்தில் இருந்த 'எல்போ'வுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முழங்கை என்று பொருள் சொல்லும் அதை அடிக்கடி யாராவது தேடி வருவார்கள். அதனால் அதற்குப் பூச்சியிடம் பயமில்லை.

"மெதுவாகச் சிரி," என்றது எல்ஃப்லாக். "அதற்குக் கேட்டுவிடப் போகிறது."