சுண்டெலிக்குக் கேட்குமா?

"சுண்டெலிக்குக் காது கேக்கல. ஒத்துக்கோங்க."

"ஒத்துக்க மாட்டேன். நான் கை தட்டினா திரும்புது."

"உங்க கை நிழலைப் பாத்துத் திரும்புது. நேத்து பின்னாடி நின்னு கதவை டமால்னு சாத்தினேன். அசையவே இல்ல."

அறை வாசலில் நின்ற கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட்காரருக்கு உள்ளே போவதா, வந்த வழியே திரும்புவதா என்று தெரியவில்லை. காது பற்றிய ஆராய்ச்சியும் பரிசோதனையும் நடக்கும் கட்டடம் அது. கீழ்த்தளத்தில் வரிசையாக எலிக் கூண்டுகளைப் பார்த்துவிட்டுத்தான் மாடி ஏறியிருந்தார். அதற்காக ஒரு சுண்டெலியை வைத்து இப்படியா அடித்துக்கொள்வார்கள்?

தொண்டையைச் செருமிக்கொண்டு நுழைந்தார். சண்டை சட்டென்று நின்றது. மேடத்தை அவருக்குத் தெரியும். பரிசோதனைகளுக்கெல்லாம் பொறுப்பு அவர்தான். பக்கத்தில் நின்ற தாடிக்காரர் புதிது. யாரோ இன்னொரு விஞ்ஞானி போலிருக்கிறது, தூங்கிப் பல நாள் ஆன விஞ்ஞானி.

மேடம் திரையைக் காட்டினார். அதில் ஒரு கோடு, இஸ்திரி போட்டதுபோல் நேராகக் கிடந்தது. காதில் சத்தம் விழுந்தால் மூளை பதில் சொல்லும், கோடு மேலே எழும்பும், இது எழும்பவில்லை என்று விளக்கினார்.

"ஸ்கிரிப்ட்ல கோளாறுன்னு இவர் சொல்றார். சாயங்காலம் பெரிய டாக்டர் வந்து முடிவு எழுதிடுவார். அதுக்குள்ள பாத்துச் சொல்லுங்க."

ஸ்கிரிப்ட்காரர் பையை இறக்கிவைத்தார். இந்த ஒரு இடத்தை நம்பித்தான் வேலையை விட்டுவிட்டுச் சொந்தத் தொழிலில் இறங்கியிருந்தார். கோளாறு தன்னுடையது என்றால் நாளைக்கே வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

இங்கே இரண்டு மென்பொருள்கள். ஒன்று அழகாக கிராஃப் போடும், கணக்கு வராது. இன்னொன்று கணக்கில் புலி, படம் போட வராது. பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பி மாதிரி இரண்டும் நேரில் பேசிக்கொள்ளாது. நடுவில் தூது போவதுதான் இவர் எழுதிய ஸ்கிரிப்ட். பதிவை அங்கே கொண்டுபோய்க் கொடுத்து, சராசரி போடச் சொல்லி, விடையை இங்கே வாங்கிவர வேண்டும்.

உட்கார்ந்து பார்த்தார். கையால் சில எண்களைக் கொடுத்தார், சரியான விடை வந்தது. பழைய பதிவுகளை ஓடவிட்டார், ஒவ்வொன்றும் மேடு மேடாக எழுந்தது. சுண்டெலி மட்டும் படுத்தே கிடந்தது.

"அப்போ ஸ்கிரிப்ட் நல்லாத்தான் இருக்கு," என்றார் மேடம். ஜெயித்தவர் குரலாக அது இல்லை. தாடிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தலை தப்பியது என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். ஆனால் அந்தக் கோடு அவரை உறுத்தியது. துளிகூடக் கேட்காத காதில்கூட ஏதோ ஒரு இரைச்சல் பதிவாகும், கோடு லேசாக நடுங்கும். இது நடுங்கக்கூட இல்லை.

"மேடம், பதில் பூஜ்யம்கிறது வேற, பதிலே வரலைங்கிறது வேற. இது வராத பதில். பதில் வரலைன்னா கிராஃப் தானா பூஜ்யம் போட்டுக்கும்."

தாடிக்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் தோளோடு தோளாக உட்கார்ந்துவிட்டார்.

கணக்கு மென்பொருள் ஏதாவது குறை சொன்னால் திரையில் காட்டாதே என்று ஸ்கிரிப்டில் ஒரு வரி இருந்தது. அதை எடுத்துவிட்டு மறுபடி ஓடவிட்டார். சிவப்பில் ஒரு செய்தி வந்தது: இந்தப் பெயர் செல்லாது.

பெயரா? இங்கே எல்லாப் பதிவுக்கும் நம்பர்தான். இதற்கு மட்டும் யாரோ 'சுண்டெலி' என்று தமிழிலேயே தட்டி வைத்திருந்தார்கள். கிராஃபுக்குத் தமிழ் சம்மதம். கணக்குப் புலிக்குத் தமிழில் ஒரு எழுத்துகூடத் தெரியாது. பெயர் புரியாததால் மொத்தப் பதிவையும் தூக்கிப் போட்டிருந்தது.

பெயரை அழித்தார். ஒரு நம்பரைப் போட்டார்.

கோடு நடுங்கியது. அப்புறம் சின்னதாக ஒரு மேடு. அதன் பின்னால் இன்னொன்று.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "கொஞ்சம் மந்தம்தான்," என்றார் மெதுவாக. "ஆனா கேக்குது."

தாடிக்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

எலிக்காக அழுகிற விஞ்ஞானியை ஸ்கிரிப்ட்காரர் இப்போதுதான் பார்க்கிறார். சும்மா சிரித்துவைத்தார்.

"இனிமே எலிக்கெல்லாம் செல்லப் பேர் வைக்காதீங்க மேடம். மத்ததுக்குப் போடற மாதிரி நம்பரே போட்டுடுங்க."

மேடம் பக்கத்து அறையின் கனத்த கதவைத் திறந்தார். உள்ளே சின்னக் கட்டிலில், நெற்றியில் ஒட்டிய ஒயர்களும் வாயில் கட்டைவிரலுமாக, ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"நம்பர் போடத்தான் பாத்தேன்," என்றார். "எங்க பொண்ணாச்சே, கை வரலங்க."

உங்கள் வீட்டுக் குழந்தைக்கு இப்படி என்ன செல்லப் பேர் வைத்திருக்கிறீர்கள்? மறக்காமல் எனக்குப் பதில் எழுதுங்கள். வராத பதிலை நான் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.