மூன்றாம் தொட்டிக்கு வைத்த பொட்டு

தூத்துக்குடிப் பணிமனையில் பேருந்துகளுக்கு மின்சாரம் சேமிக்கும் தொட்டிகளில், புதிதாக வந்த மூன்றாவது மட்டும் சனிக்கிழமைதோறும் பாதிதான் பிடித்தது. ஞாயிறன்று சூடாக்கி உலர்த்தினால் சரியாகிவிடும். வெள்ளிக்கிழமை அதைச் சுத்தம் செய்பவர் ஆரோக்கியம். ஈரக்கையோடு வேலை செய்கிறார் என்று எழுதி, மேற்பார்வையாளரான நான் அவரை வேலையிலிருந்து நிறுத்தினேன். அவர் போன பிறகும் சனிக்கிழமை அதே பாதிதான்.

தொட்டியில் இருப்பது தண்ணீரே கலக்காத உப்புத் திரவம். அதன் நேர் அயனிகளும் எதிர் அயனிகளும் உள்ளிருக்கும் தகட்டை ஒட்டி மாறி மாறி அடுக்குகளாக வரிசை கட்டும்; மின்சாரம் அங்கேதான் தங்கும். கொஞ்சம் ஈரம் தகட்டோரம் நுழைந்தாலும் அந்த வரிசை குலைந்துவிடும். இதையெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த நான்தான், புதுத் தொட்டிக்குக் கண் படக்கூடாதென்று, வெள்ளிதோறும் மூடியைத் திறந்து தகட்டின் மேல்விளிம்பில் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்திருக்கிறேன்.

ஆரோக்கியத்தின் வீட்டு வாசலில் நின்றேன்.

"அண்ணே, ஈரம் என் கையிலருந்துதான் போயிருக்கு. வெள்ளிதோறும் தகட்டுல நான் வச்ச சந்தனப் பொட்டுதான்."

அவர் மனைவி ஸ்டெல்லா உள்ளிருந்தே கேட்டாள்: "அன்னைக்கு அத்தன பேரு முன்னால இவரு கைய விரிக்கச் சொல்லிப் பாத்தீயளே மேடம், ஒங்க கைய யாரு பாத்தா?"



"விடு ஸ்டெல்லா," என்றார் அவர். "பொட்ட எங்க வைக்கணும்னு காட்டிட்டு வாரேன்."

மறுநாள் அதே ஆட்களுக்கு முன்னால் என் தவற்றைப் படித்துக்காட்டி, அறிக்கையைத் திருத்தினேன். இப்போது பொட்டு அறைக்கதவின் வெளிப்பக்கம் இருக்கிறது. மூடியை ஆரோக்கியம் மட்டுமே திறக்கிறார். சனிக்கிழமையும் தொட்டி முழுதாகப் பிடிக்கிறது.