களை எடுக்கப் போனவர்

"அது களை இல்லை, கத்திரி நாற்று! கண்ணை எங்கே வச்சிருக்கீங்க?"

சமூகப் பண்ணையின் இளைஞர் குழுத் தலைவி அதட்டினாள். ஐம்பதைக் கடந்த புதிய தன்னார்வலர் பதறிப்போய், பிடுங்கிய நாற்றைத் திரும்ப நட்டார்.

சற்று நேரத்தில் மறுபடியும் வந்து நின்றாள்.

"குழாயைத் திறந்தா மூடத் தெரியாதா? தண்ணி வீணாப் போகுது பாருங்க!"

"இதோ மூடிடறேம்மா."

பக்கத்தில் உரம் போட்டுக்கொண்டிருந்த மாணவிக்கே பாவமாக இருந்தது. "அவ எல்லார்கிட்டயும் அப்படித்தான் சார். மனசுல வச்சுக்காதீங்க."

அவர் தலையாட்டினார்.

மாலையில் வீடு திரும்பியவரை மனைவி வாசலிலேயே மடக்கினாள். "அங்கேயாவது நம்ம பொண்ணு உங்ககிட்ட வாயைத் திறந்தாளா?"

படிப்பைப் பாதியில் விட்டதற்காக, 'இனி நீ என் பொண்ணே இல்லை' என்று அவர் சொன்ன நாளிலிருந்து மகள் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

"ரெண்டு தடவை திட்டினாடி!" என்றார், முகமெல்லாம் மலர.