ஆறரை மணிப் பூட்டு

"பசங்க ஹாஸ்டல் கேட்டை ஒன்பது மணிக்குத்தானே பூட்டுறாங்க? எங்களுக்கு மட்டும் ஏன் மேடம் ஆறரை?"

கேட்டவள் செல்லக்கிளி, கடைசி வருட மாணவி. எதிரே உட்கார்ந்திருந்தவர் மைத்ரேயி, கல்லூரியின் புது மாணவர் நல டீன். தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர்.

"பொன்மலையில ரயில்வே பரீட்சைக்கு கோச்சிங் மேடம். முடியவே எட்டாயிடுது. இதை விட்டா ஊர்ல மாப்பிள்ளை ரெடியா இருக்கான்."

"சமத்துவம் வேணும்ங்கிற. அவ்வளவுதானே? கொடுத்துடலாம்."

மறுநாளே நோட்டீஸ் போர்டில் சமத்துவம் தொங்கியது. இனி ஆண்கள் விடுதிக்கும் ஆறரை மணிக்கே பூட்டு!

தாளாளர் ஜனார்தனுக்கு வாயெல்லாம் பல். செலவில்லாத சீர்திருத்தம் என்றால் அவருக்குக் கொள்ளைப் பிரியம். "எங்க காலேஜ்ல ஆண், பெண் பேதமே கிடையாது. எல்லாருக்கும் ஒரே ரூல்" என்று பேப்பர்காரர்களைக் கூப்பிட்டுப் பேட்டியே கொடுத்துவிட்டார். போட்டோவோடு வந்தது.

செல்லக்கிளிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே டீன் அறைக்குப் போனாள்.

"எங்களைத் திறந்து விடச் சொன்னா, அவங்களையும் சேர்த்துப் பூட்டிட்டீங்களே! நீங்களும் ஒரு பொண்ணுதானே மேடம்?"

"மிக்சர் சாப்பிடுறியா?" என்றார் மைத்ரேயி. அவள் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

ஆண்கள் விடுதி கொதித்தது. சாயங்காலக் கிரிக்கெட் போச்சு, சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பரோட்டாவும் போச்சு. அஜித் என்கிற மாணவன் தலைமையில் அத்தனை பேரும் கேட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"நாங்க என்ன கைதியா?"

அப்பாக்கள் தாளாளருக்குப் போன் போட்டுக் காய்ச்சினார்கள். "வளர்ற பையனை ஆறரைக்கே அடைச்சு வெச்சா எப்படி சார்?" அவர்களில் ஒருவருடைய மகளும் இதே கல்லூரி விடுதியில்தான் இருந்தாள். அவளைப் பற்றி மனிதர் மூச்சுவிடவில்லை.

ஜனார்தன், மைத்ரேயியைக் கூப்பிட்டு எகிறினார்.

"யாரைக் கேட்டு இப்படி ஊரைக் கூட்டினீங்க? உடனே பசங்களுக்குப் பழைய நேரத்தைக் கொடுங்க!"

"கொடுத்துடலாம் சார். பசங்களுக்கு மட்டும்னா, பேப்பர்ல நீங்க சொன்னதுதான் கொஞ்சம்..."

ஜனார்தன் மேஜை மேல் கிடந்த பேப்பரில் தன் போட்டோவைப் பார்த்தார்.

"ரெண்டு ஹாஸ்டலுக்கும் ஒன்பதுன்னே போட்டுத் தொலைங்க!"

விஷயம் தெரிந்ததும் செல்லக்கிளி துள்ளிக்கொண்டு வந்தாள். பழைய கோபமும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"பசங்க உங்களைத் தோக்கடிச்சுட்டாங்க மேடம். அவங்க புண்ணியத்துல எங்களுக்கும் ஒன்பது மணி!"

"சந்தோஷம். கோச்சிங்குக்குக் கிளம்பு, பஸ் போயிடும்."

"உங்களுக்கு வருத்தமே இல்லையா மேடம்?"

மைத்ரேயி சிரித்தார்.

"நீங்க வருஷக்கணக்கா கேட்டீங்க, யார் காதிலயும் விழலைம்மா. அதான் உங்களுக்காகக் கத்த பசங்களை உட்கார வெச்சேன்!"